கழுத்தை அளக்க நெற்றியில் ஒரு சென்சார்

காதுக் கோளாறால் வந்த தலைசுற்றல் மருந்தில் பாதி அடங்கிவிட்டது. மீதி நடக்கும்போதுதான் வரும். வடசேரி சந்தைப் பக்கம் ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தால் போதும், தரை நழுவும். கூடவே கழுத்து வலி வேறு. நாகர்கோவிலில் நான் பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில், சென்சார் கட்டி நடக்க வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

தீப்பெட்டி அளவில் மூன்று சென்சார். நெற்றியில் ஒன்று, நெஞ்செலும்பின் மேல் ஒன்று, பின்னிடுப்பில் ஒன்று. எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று நொடிக்கு 100 முறை குறித்துக்கொள்ளும். கழுத்தில் எதுவுமே கட்டவில்லையே என்று கேட்டேன். தலை திரும்பிய அளவில் நெஞ்சு திரும்பியதைக் கழித்தால் மிஞ்சுவது கழுத்தின் வேலையாம்.

கட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. தலையில் தோவாளைப் பிச்சி வைத்திருந்தேன். பட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. “எக்கா, பூவ எடுத்துருங்க. பட்ட ஆடிச்சின்னா தல ஆடுனதா கணக்கு வந்திரும்” என்றாள் சென்சார் கட்டிவிட்ட பெண். கொண்டையையும் அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டினாள். அப்புறம் நேரே பார்த்து ஆடாமல் நிற்கச் சொன்னாள். அந்த நிலைதான் பூஜ்யம். மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்கு.

6 மீட்டர் தூரம். முதலில் சாதாரண நடை. பிறகு மூன்று அடிக்கு ஒருமுறை தலையை வலது, இடது என்று திருப்பி. அடுத்து மேலே, கீழே. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் கால் கோணலாகப் போனது. என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தபடி அவள் கூடவே வந்ததால் பயமில்லை.

லேப்டாப்பில் தலைக்கு நீலக் கோடு, நெஞ்சுக்குச் சிவப்பு. தலை ஏறி இறங்க, நெஞ்சு ஓரளவு சமமாக ஓட வேண்டும். எனக்கோ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. தலையைத் திருப்பச் சொன்னால் மார்போடு சேர்ந்து திரும்பியிருக்கிறேன்! சுற்றலுக்குப் பயந்து உடம்பே கழுத்தைப் பூட்டிவிடுவது என் மாதிரி ஆட்களிடம் சகஜமாம். தலை அசையாவிட்டால் மூளை பழகாது, சுற்றலும் லேசில் விடாது, தசையும் இறுகும். இத்தனை நாள் தைலம் தேய்த்து என்ன பயன்?

இப்போது கட்டைவிரலை நீட்டி, அதிலேயே கண்ணை வைத்து, தலையை மட்டும் இருபுறமும் ஆட்டும் பயிற்சி. கொஞ்சம் குமட்டும். மைனிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

என்ன நோய் என்று இந்தச் சென்சார் சொல்லாது, அதற்குக் காது மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். போகிறவர்கள் உடம்போடு ஒட்டிய சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், சேலை நகர்ந்தால் சென்சாரும் நகரும். தலைசுற்றல் மாத்திரையை அன்றைக்குச் சாப்பிடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.