தூங்க மறுக்கும் டிஸ்க்

ஜூன் 7, 2025, சனி

டெபியன் (லினக்ஸ்) சர்வரில் புது 4 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டியாயிற்று. ராத்திரி பேக்கப் தவிர அதற்கு வேலை கிடையாது. மீதி நேரமெல்லாம் சுற்றுவானேன் என்று டிஸ்க் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிபார்மில், சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் -எஸ் 120 கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணும் 5 விநாடி. ஆக 10 நிமிடம். (240 வரைதான் இந்தக் கணக்கு. 241 போட்டால் திடீரென்று அரை மணி நேரம். யார் உட்கார்ந்து யோசித்தார்களோ!) வெகுநேரம் கழித்து நிலையைக் காட்டும் -சி போட்டுப் பார்த்தால் 'ஆக்டிவ்/ஐடில்' (இன்னும் சுற்றுகிறது) என்கிறது. பெட்டிமேல் கை வைத்தால் மெல்லிய அதிர்வு.

ஜூன் 8, ஞாயிறு

டிஸ்க்கில் எது படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் ஐஓடாப்பில் எக்ஸ்ட்4லேஸிஇனிட் என்ற கெர்னல் வேலை மாட்டியது. ஃபார்மேட் சீக்கிரம் முடியட்டும் என்று ஐநோட் டேபிள்களை (ஃபைல் விவரப் பட்டியல்களை) அப்போது எழுதாமல், மவுண்ட் ஆன பிறகு கெர்னல் பின்னணியில் நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறது. முடியட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

லேஸிஇனிட் ஓய்ந்தது, டிஸ்க் ஓயவில்லை. ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சிக்கன அளவு) 254இல் இருந்தது. 128 முதல் 254 வரை இருந்தால் சுழற்சியை நிறுத்த அனுமதி கிடையாது, அதனால் ஹெச்டிபார்மில் -பி கொடுத்து 127 ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. யார் எந்த ஃபைலைத் தொடுகிறார்கள் என்று காட்டும் ஃபாட்ரேஸை ஓடவிட்டேன்: அந்த டிஸ்க்கில் எந்த ஃபைலையும் யாரும் தொடவில்லை. ப்ராக் அடைவிலுள்ள டிஸ்க்ஸ்டாட்ஸ் எண்களும் (படித்தது, எழுதியதன் கணக்கு) அசையவில்லை. படிக்காமல் எழுதாமல் எவனோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறான்.

ஜூன் 11, புதன்

யூடிஸ்க்ஸ்2 என்ற டிஸ்க் மேலாண்மைச் சேவை! 10 நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கிடம் ஸ்மார்ட் (டிஸ்க்கின் ஆரோக்கிய) விவரம் கேட்கிறது. தூங்கும் டிஸ்க்கை எழுப்பாது, அவ்வளவு மரியாதை உண்டு. ஆனால் விழித்திருக்கும் டிஸ்க்கிடம் கேட்டால், இந்த மாடல் தன் டைமரைத் திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறது. -எஸ் 60 போட்டேன், 5 நிமிடத்தில் நின்றது. 240 (20 நிமிடம்) போட்டேன், நிற்கவே இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

ஜூன் 14, சனி

5 நிமிடத்தையே வைத்துக்கொள்ள மனமில்லை; அடிக்கடி நின்று கிளம்பினால் மோட்டாருக்குத்தான் கேடு. டெஸ்க்டாப் இல்லாத சர்வருக்கு யூடிஸ்க்ஸ்2 எதற்கு? சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல்லில் மாஸ்க் செய்து முடக்கிவிட்டு 240 வைத்தேன். இப்போது 'ஸ்டாண்ட்பை' (சுழற்சி நின்ற நிலை) வருகிறது.

யூஎஸ்பியில் மாட்டிய இன்னொரு டிஸ்க்கின் கதை வேறு. உறையில் யூஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்கும் பிரிட்ஜ் சிப் -எஸ் கட்டளையை உள்ளே கடத்துவதே இல்லை, சென்ஸ் டேட்டா (டிஸ்க் தரும் நிலைப் பதில்) சரியில்லை என்ற புலம்பல்தான் வருகிறது. அதற்கு ஹெச்டி-ஐடில் என்ற நிரல். இது டிஸ்க்கின் டைமரை நம்பாமல் டிஸ்க்ஸ்டாட்ஸைப் பார்த்துத் தானே நேரம் எண்ணும். அசைவில்லை என்றால் சுழற்சியை நிறுத்தும் ஸ்கஸி கட்டளை அனுப்பும். ரீபூட்டில் எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர் எஸ்டிசி ஆகிவிடலாம் என்பதால் மாறாத பை-ஐடி பெயரைக் கொடுத்தேன்.

ஸ்டார்ட்-ஸ்டாப் கவுண்ட் (நின்று கிளம்பிய எண்ணிக்கை) எவ்வளவு ஏறுகிறது என்று இனி கவனிக்க வேண்டும். ஸ்மார்ட் விவரம் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல்லில், தூங்கினால் தொடாதே என்னும் -என் ஸ்டாண்ட்பை சேர்க்காவிட்டால், எண்ணப் போன நானே அதை எழுப்பிவிடுவேன்.