ஒரே கணினியில் இரண்டு மின்னஞ்சல்: கலக்காமல் வைப்பது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை வைத்திருக்கும் பார்வையற்றவர் ஒருவருக்கு வாடகை ரசீது, வங்கி அறிக்கை, ஈபிஎஃப் சேமநிதி, வருமான வரி எல்லாம் மின்னஞ்சலில்தான் வந்து சேர்கின்றன. கூடவே மகளின் பள்ளிக் கடிதம், ஷாப்பி விளம்பரம். கடைக்கு ஒரு முகவரி, வீட்டுக்கு ஒரு முகவரி என்று பிரித்துவிடலாம் என எல்லாரும் சொல்வார்கள். பிரிப்பது பத்து நிமிட வேலை. பிரித்த பிறகு எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்பது காதிலேயே தெரிய வேண்டுமே, அதில்தான் சிக்கல். அமைக்கும் நேரத்திலேயே இதைச் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய கடிதம் வீட்டு முகவரியிலிருந்து போய்விடும்.

இங்கே சொல்வது விண்டோஸ், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, மின்னஞ்சல் செயலியான தண்டர்பேர்ட் மூன்றையும் வைத்து. பின்னது இரண்டும் இலவசம். விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டதால், அதில் பழகியவர்கள் எப்படியும் வேறொன்றுக்கு மாறத்தான் வேண்டும். 'என்விடிஏ கீ' என்று சொல்லும் இடத்தில் இன்சர்ட் அல்லது கேப்ஸ்லாக், நீங்கள் தேர்ந்துவைத்திருப்பது எதுவோ அது.

ஒரு கேள்வி முதலில். உங்களுக்கு உண்மையிலேயே இரண்டாவது கணக்கு வேண்டுமா? கடைக் கடிதங்களைத் தனியாக ஒதுக்கினால் போதும் என்றால் ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் பிளஸ் குறியும் 'கடை' என்று ஆங்கிலத்திலும் சேர்த்து முகவரியைக் கொடுங்கள். கடிதம் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும். பில்டர் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பெயருக்கு நடுவே புள்ளி வைத்தால் வேறு முகவரி ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடையைப் பின்னால் இன்னொருவர் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றால் மட்டும் தனிக் கணக்கே சரி. திறந்தபின் அதைக் கிடப்பில் போடவும் கூடாது: 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம்.

இனி அமைப்பு. தண்டர்பேர்டைத் திறந்து ஆல்ட்டோடு எஃப் அழுத்தினால் ஃபைல் மெனு. கீழ் அம்புக்குறியால் 'நியூ' வரை போய் வலது அம்புக்குறி, அதற்குள் மெயில் அக்கவுண்ட் என்று கேட்டதும் என்டர். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் ஒவ்வொன்றுக்கும் டேப்பில் போகலாம். பதிப்பைப் பொறுத்து பாஸ்வேர்ட் அதே பக்கத்தில் இருக்கும், அல்லது அடுத்த படியில் கேட்கும். பெயர் என்ற இடத்தில் நீங்கள் எழுதுவதுதான் கடிதம் பெறுபவருக்குத் தெரியும். கடைக் கணக்கில் கடையின் பெயரைப் போடுங்கள். முகவரியை அடிக்கும்போது என்விடிஏ கீயோடு 2 அழுத்தி எழுத்துக்கு எழுத்து வாசிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து தப்பினால் பின்னால் அரைமணி நேரம் தேட வேண்டியிருக்கும்.

'கன்டினியூ' அழுத்தியதும் சில விநாடி சத்தமே இருக்காது. தண்டர்பேர்ட் அப்போது சர்வர் விவரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி மறுபடி என்டர் தட்டாதீர்கள். தேடல் முடிந்ததும் அந்த இடத்தில் வேறு பட்டன் வந்திருக்கும். என்விடிஏ கீயும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். ஐமேப் (கடிதம் சர்வரிலேயே இருக்கும் முறை), பாப்3 (கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) இரண்டும் கேட்டால் ஐமேப்பிலேயே விடுங்கள். காரணம் கீழே வருகிறது.

ஜிமெயில் என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் தனிச் சாளரமாகத் திறக்கும். இது வலைப்பக்கம் என்பதால் பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்தை அடித்தால் பெட்டியில் விழாமல் பக்கத்தில் தாவிக்கொண்டே போகிறதா? உலாவும் நிலையில் இருக்கிறீர்கள். எடிட் என்பதன் முதலெழுத்தை அழுத்தி எழுதும் பெட்டிக்குப் போய் என்டர் தட்டுங்கள், 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும், பிறகு எழுதலாம். ஒலி மாறவில்லை என்றால் என்விடிஏ கீயோடு ஸ்பேஸ். எழுதி முடித்து எஸ்கேப், பட்டன் என்பதன் முதலெழுத்தால் 'நெக்ஸ்ட்' வரை போய் என்டர். இரண்டாம் சரிபார்ப்புக்குக் கைப்பேசியில் ஒப்புதல் கேட்கலாம். கைப்பேசியின் திரைவாசிப்பான், டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர், முன்கூட்டியே பேசிக்கொண்டிருக்கட்டும். கடைசியாக அனுமதிப் பக்கம் வரும். 'அலாவ்' பட்டன் அடியில் இருக்கும். அதை அழுத்தாமல் சாளரத்தை மூடினால் கணக்கு சேராது. தண்டர்பேர்டில் குக்கீகளை யாராவது முடக்கி வைத்திருந்தாலும் இதே இடத்தில்தான் நிற்கும். பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதே மாதிரி இரண்டாவது கணக்கையும் சேர்த்தபின், பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது: கணக்குக்குப் பெயர் வைப்பது. தண்டர்பேர்ட் தானாக முகவரியையே பெயராகப் போட்டுவிடும். இரண்டு முகவரியும் உங்கள் பெயரில்தானே தொடங்கும்? என்விடிஏ முதல் ஏழெட்டு எழுத்தை ஒரே மாதிரி வாசித்த பிறகுதான் வித்தியாசமே வரும். வேகமாக அம்புக்குறி அழுத்துகிற யாரும் அதுவரை காத்திருப்பதில்லை. டூல்ஸ் மெனுவில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, இடப்பக்கப் பட்டியலில் கணக்கின் மேல் நின்று, டேப் அடித்து 'அக்கவுண்ட் நேம்' வரை போங்கள். அங்கே முதல் ஒலியிலேயே பிரிந்துவிடும் சொல்லாக வையுங்கள். 'கடை', 'வீடு' நன்றாக இருக்கும். 'வீடு', 'வேலை' இரண்டும் ஒரே மெய்யில் தொடங்குவதால் உதவாது. ஆங்கில எழுத்தில் அடிப்பது நல்லது: ஆங்கிலக் குரலில் கேட்பவருக்குத் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது. 

எஃப்6 அழுத்தினால் கோப்புறைப் பட்டியல், கடிதப் பட்டியல், கடிதம் என்று மாறி மாறிப் போகும். குழப்பம் வந்தால் என்விடிஏ கீயோடு டைட்டில் என்பதன் முதலெழுத்து: சாளரத் தலைப்பில் இன்பாக்ஸும் கணக்கின் பெயரும் கேட்கும்.

கடிதம் எழுதும்போது கவனம். கன்ட்ரோலோடு ஆங்கில 'என்' எழுத்தை அழுத்தினால், அந்த நேரத்தில் எந்தக் கணக்கின் கோப்புறையில் நிற்கிறீர்களோ அதிலிருந்துதான் கடிதம் தொடங்கும். பதில் எழுதினால், கடிதம் வந்த முகவரியே அனுப்புநராக இருக்கும். அதில் பயம் குறைவு. புதுக் கடிதத்தில்தான் கால் வழுக்கும், ஏனென்றால் எழுதும் சாளரத்தின் தலைப்பு கணக்கைச் சொல்லாது. பெறுநர் பெட்டியிலிருந்து ஷிஃப்ட் டேப் அடித்து 'ஃப்ரம்' வரை பின்னால் போங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே அம்புக்குறியால் மாற்றலாம். இன்னொரு காவலும் போட்டுக்கொள்ளுங்கள்: அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு கையொப்பம். ஃப்ரம் மாறினால் கையொப்பமும் மாறும். கன்ட்ரோலோடு எண்ட் அடித்துக் கடைசி வரியைக் கேட்டுவிட்டு கன்ட்ரோல் என்டரில் அனுப்புங்கள்.

ஃப்ரம் சரியாகவே இருந்தும், பெறுபவருக்கு வீட்டு முகவரி தெரிகிறது என்ற புகார் வந்தால் கோளாறு வெளிச்செல்லும் சர்வரில் இருக்கிறது. கையால் விவரம் நிரப்பிச் சேர்த்த கணக்கில் இது நடக்கும். கடைக் கணக்கின் அமைப்பில் 'அவுட்கோயிங் சர்வர்' என்ற பட்டியலில் வீட்டுக் கணக்கின் சர்வரே தேர்வாகி இருக்கும். ஜிமெயில், எந்தக் கணக்கின் பெயரில் உள்ளே நுழைந்தோமோ அதையே அனுப்புநராக மாற்றி எழுதிவிடும். பட்டியலில் அம்புக்குறி வைத்துக் கடைக்கு உரியதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். கையால் நிரப்புவோருக்கு போர்ட் எண்கள்: உள்வரும் ஐமேப் 993, எஸ்எஸ்எல், வெளிச்செல்வது 465 எஸ்எஸ்எல், அல்லது 587 ஸ்டார்ட்டிஎல்எஸ்.

ஐமேப் ஏன்? பாப்3-இல் தண்டர்பேர்ட் வழக்கமாக 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து கடிதத்தை எடுத்துவிடும். பிறகு கைப்பேசியில் தேடினால் இருக்காது. கணினி பழுதானால் எங்கேயும் இருக்காது.

இதுவரை சொன்னது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. கணவனும் மனைவியும், அல்லது கடையில் இருவர் ஒரே கணினியைப் பகிர்ந்தால் கதை வேறு. ஒரே தண்டர்பேர்டில் இருவரையும் போட்டால் நீங்கள் எழுதிய முகவரிகளெல்லாம் அவருக்கும் பெறுநர் பெட்டியில் தானாக வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் ப்ரொஃபைல்: ஒரே தண்டர்பேர்டில் ஆளுக்கொரு தனி இடம். தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, விண்டோஸ் கீயோடு ரன் என்பதன் முதலெழுத்து. வரும் பெட்டியில் தண்டர்பேர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி, மைனஸ் குறி, அதை ஒட்டி ப்ரொஃபைலின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில். ப்ரொஃபைல் பட்டியல் திறக்கும். டேப்பில் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் இருந்தால் இந்தத் தொல்லை தினமும் இல்லை. ஷார்ட்கட் மேல் நின்று ஆல்ட் என்டர், 'டார்கெட்' பெட்டியில் எண்ட் கீ, ஓர் இடைவெளி விட்டு அதே மைனஸும் எழுத்தும், மறுபடி இடைவெளி, ப்ரொஃபைலின் பெயர். மேற்கோள் குறி மூடிய பிறகுதான் இதை அடிக்க வேண்டும். உள்ளே அடித்தால் விண்டோஸ் ஏற்காது. டேப் அடித்து 'ஷார்ட்கட் கீ'யில் ஓர் எழுத்தைத் தட்டினால் கன்ட்ரோல் ஆல்ட்டோடு அந்த எழுத்து உங்களுடையது. ஆங்கில 'என்' எழுத்தை மட்டும் தொடாதீர்கள், அது என்விடிஏவைத் திறக்கும் கூட்டு.

ப்ரொஃபைலுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வங்கிக் கடிதம் வரும் கணக்கென்றால் விண்டோஸிலேயே தனிப் பயனராகப் பிரியுங்கள். விண்டோஸ் கீயோடு ஐ, அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ். அதற்கு முன் என்விடிஏ அமைப்பில் ஜெனரல் பகுதிக்குப் போய், உள்நுழையும் திரையிலும் என்விடிஏ பேச வேண்டும் என்ற பெட்டியைத் தேர்ந்துவிடுங்கள். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். புதுப் பயனருக்கு என்விடிஏ அமைப்புகள் தனி. முதல் நாள் பழைய வேகமும் குரலும் இருக்காது, அவரவர் காதுக்கு ஏற்றபடி மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும்.