டெர்பிக்குப் பிறகு: வால்டன் நாட்குறிப்பு

அக்டோபர் 17, 2020, சனி

இன்று டெர்பி, எங்கள் ஊரின் இரண்டு கால்பந்து அணிகளான லிவர்பூலும் எவர்ட்டனும் மோதும் ஆட்டம். நான் லிவர்பூல், கீழ்வீட்டுப் பெரியவர் எவர்ட்டன். அவர் டிவி என் டிவிக்குச் சில நொடி முந்தி ஓடுகிறது. அவருக்குக் கேபிள், எனக்கு இன்டர்நெட். கோல் விழுந்தால் முதலில் தரைக்கு அடியிலிருந்து சத்தம் வரும், அப்புறம்தான் என் திரையில் பந்து வலைக்குள் போகும். மூன்றாவது நிமிடம் கீழே ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. சந்தோஷமாகக் காத்திருந்தேன். மானே அடித்தார்.

அடுத்த சில நிமிடங்களில் எங்கள் தடுப்பாட்டக்காரர் வான் டைக் விழுந்தபோது கீழே சத்தமே இல்லை. அதனால் எனக்கு முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு பாய்ந்து வருகிறார், இரண்டு காலும் கத்தரிபோல் விரிந்திருக்கிறது, நடுவில் வான் டைக்கின் வலது கால். மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முழங்கால் போகக்கூடாத பக்கம் போனது. மறுபடி காட்டினார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

வான் டைக் ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாளரைத் தாண்டி முன்னால் நின்றார் என்று கொடி தூக்கியாயிற்று, அதனால் பெனால்டி இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆஃப்சைடு என்றால் காலை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? ஆட்டம் நின்றபின் ஒருவன் இன்னொருவனைக் குத்தினால் ரெட் கார்டு உண்டு, விதி அப்படித்தான். நடுவர் மைக்கேல் ஆலிவர் மஞ்சள்கூட எடுக்கவில்லை. வி.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் அறையில் டேவிட் கூட் உட்கார்ந்திருந்தார், அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை.

ஆனால் வான் டைக் நடந்தே வெளியே போனார். ஸ்ட்ரெச்சர் இல்லை. நொண்டினார், ஆனால் நடந்தார். பதினோராவது நிமிடம் கோமஸ் உள்ளே.

மற்றதெல்லாம் ஓடிப்போனது. எவர்ட்டனின் கீன் தலையால் ஒன்று. சாலா லிவர்பூலுக்காக நூறாவது கோல், அதைக் கொண்டாட மனசில்லை. எவர்ட்டனுக்குக் கால்வர்ட்-லூவின் ஒன்று. கடைசியில் எவர்ட்டனின் ரிச்சார்லிசன் எங்கள் தியாகோவின் முழங்காலில் ஏறி ரெட் கார்டு வாங்கினார். அப்புறம் கூடுதல் நேரத்தில் கீழே பெரிய சாபம். எழுந்து நின்றுகொண்டேன். ஹெண்டர்சன் கோல்! நான் குதித்து முடிப்பதற்குள் கீழே கைதட்டல். அப்போதே தெரிந்துவிட்டது. மானே ஆஃப்சைடாம், கோடு போட்டுப் பார்த்தார்கள், முழங்கையா தோளா என்று. 2-2.

கொரோனாவால் பப்பெல்லாம் புதன்கிழமையே மூடியாயிற்று. கீழே இறங்கிச் சண்டை போடவும் சட்டம் இடம் கொடுக்காது.

அக்டோபர் 18, ஞாயிறு

வான் டைக் பற்றிக் கிளப் அறிவித்துவிட்டது. முழங்கால் லிகமென்ட். அறுவை சிகிச்சை. எத்தனை மாதம் என்று சொல்லவில்லை, சொல்லாததே பதில்.

தம்பி ஒட்டன்சத்திரத்திலிருந்து கூப்பிட்டான். சித்தப்பா மகன். ஒருகாலத்தில் நல்ல கபடி ஆட்டக்காரன். "அண்ணே, உங்க ஆளுக்கு ஜவ்வு போயிருச்சாமே" என்றான். துக்க வீட்டில் கேட்பதுபோல் கேட்டான். அவனுக்கு ரெய்டு போன இடத்தில் நாலு பேர் காலைப் பிடித்தபோது கிழிந்தது. உள்ளே டப்பென்று ஒரு சத்தம் தனக்கே கேட்டது என்பான். அன்றைக்கு அவனும் நடந்துதான் வெளியே வந்தான். நான் நேற்று நடந்தார், நடந்தார் என்று பிடித்துக்கொண்டிருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

"வலி கொஞ்ச நாள்ல போயிரும்ணே. திரும்புறப்ப பயம் இருக்கும் பாருங்க, அதுதான் போகாது."

பிக்ஃபோர்டுக்கு எத்தனை ஆட்டம் தடை? பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 19, திங்கள்

பிக்ஃபோர்டுக்குத் தடை இல்லை. நடுவர் குழு ஏற்கெனவே பார்த்த சம்பவமாம், அதனால் எஃப்.ஏ., இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கை வைக்காதாம்.

அக்டோபர் 20, செவ்வாய்

குப்பைத் தொட்டி தள்ளும்போது பெரியவரைப் பார்த்தேன். இந்த ஊரில் தொட்டி ஊதா நிறம். சிவப்பு வைத்தால் நீலம் கோபிக்கும், நீலம் வைத்தால் சிவப்பு கோபிக்கும், அதனால்தான் ஊதா என்று ஒரு கதை சொல்வார்கள். மறுசுழற்சித் தொட்டி மட்டும் நீலம். "நாங்கள் திரும்பத் திரும்ப வருவோம் என்று கவுன்சிலுக்கே தெரியும்" என்பது பெரியவரின் பழைய ஜோக். இன்று அதைச் சொல்லவில்லை.

முதலில் முழங்காலைப் பற்றிக் கேட்டார். நல்ல ஆட்டக்காரன், அப்படி நடந்திருக்கக் கூடாது என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் ரெட் கார்டு என்றேன், அவர் உடனே 1977 என்றார்.

அவரோடு எது பேசினாலும் 1977-இல்தான் முடியும். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, மேன்செஸ்டர் மெய்ன் ரோடு, 2-2, கடைசி நேரத்தில் எவர்ட்டனின் பிரையன் ஹாமில்டன் அடித்த கோலை கிளைவ் தாமஸ் என்ற நடுவர் செல்லாது என்றார். ஏன் என்று ஒழுங்காகக் காரணம் சொல்லவில்லை. மறு ஆட்டத்தில் லிவர்பூல் மூன்று அடித்தது. "இதுவும் 2-2. இதுவும் கடைசி நிமிட கோல். நாற்பத்து மூன்று வருடம் நான் பொறுத்தேன், நீயும் பொறு" என்றார்.

அது கோல், இது ஒரு மனுஷனின் கால் என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.



அக்டோபர் 21, புதன்

ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸை 1-0. கோலும் அவர்களே போட்டுக்கொண்டது, டாக்லியாஃபிகோ காலில் பட்டு. கோல்கீப்பரைத் தாண்டிப் போன டாடிச்சின் பந்தைக் கோட்டிலிருந்து ஃபபின்யோ பின்னால் சாய்ந்து உதைத்து வெளியே எடுத்தார். நடுக்கள ஆள், இப்போது டிஃபன்ஸில். தாங்குவார் போலிருக்கிறது.

அக்டோபர் 22, வியாழன்

இரவு ஷிஃப்ட். இடைவேளையில் ஃபோனைத் திறந்தது தப்பு. பிக்ஃபோர்டுக்கும் ரிச்சார்லிசனுக்கும் வந்த மிரட்டல்களைப் போலீஸ் விசாரிக்கிறது. எழுதியவர்கள் எல்லாம் நம் பக்கம். ஒருத்தன் பிக்ஃபோர்டின் குழந்தையை இழுத்து எழுதியிருந்தான், கீழே சிரிப்புப் பொம்மைகள். அந்தக் கணக்கில் வான் டைக் படம்தான் முகப்பு.

நானும் சனிக்கிழமை முழுக்கத் திட்டினேன். சமையலறையில், தமிழில், வாய்க்கு வந்ததெல்லாம். அதை விட்டுத்தரவும் எனக்கு மனமில்லை. அந்தப் பாய்ச்சல் முட்டாள்தனமானது, பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கார்டு வந்திருக்க வேண்டும். ஆனால் கார்டு, கார்டு என்று எல்லாரும் கத்துகிற கத்தலில் ஒன்று தெரிகிறது. முழங்காலைப் பற்றிப் பேச ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. கார்டைப் பற்றி விடிய விடியப் பேசலாம்.

2016-இல் நம் மைதானமான ஆன்ஃபீல்டில் நம் ஓரிகியின் கணுக்காலை எவர்ட்டனின் ஃபூனெஸ் மோரி மிதித்தார். அன்று ரெட் கார்டு காட்டினார்கள், நாமும் 4-0 ஜெயித்தோம். கணுக்கால் சரியானபோது ஓரிகி பழைய ஓரிகி இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. பார்சிலோனாவை வீட்டுக்கு அனுப்பியதும் அதே ஓரிகிதான். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை, தூக்கம் வருகிறது.

அக்டோபர் 24, சனி

ஷெஃபீல்ட் யுனைடெட், 2-1. இன்றைக்கும் வி.ஏ.ஆர்.! ஃபபின்யோ பந்தைத்தான் எடுத்தார், அதுவும் கட்டத்துக்கு வெளியே, பெனால்டி கொடுத்துவிட்டார்கள். ஃபிர்மினோவும் ஜோட்டாவும் காப்பாற்றினார்கள்.

எதிரணி கார்னர் எடுக்கும்போதெல்லாம் என் கண் நாலாம் நம்பரை, வான் டைக்கைத் தேடுகிறது. போன லீக் சீசனில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராத ஆள். அந்த இடம் இருக்கிறது என்பதையே நாம் மறந்திருந்தோம்.

அக்டோபர் 25, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. நாலரை ஐந்துக்கே இருட்டு. எவர்ட்டன் சவுத்தாம்ப்டனிடம் 2-0 தோல்வி, டீன்யுக்கு ரெட் கார்டு. கீழே டிவியைப் பாதியிலேயே அணைத்துவிட்டார். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அக்டோபர் 27, செவ்வாய்

ஃபபின்யோ. ஹாம்ஸ்ட்ரிங். அரை மணி நேரத்தில் வெளியே.

உள்ளே வந்த பையன் ரைஸ் வில்லியம்ஸ், வயது 19. போன வருடம் கிடர்மின்ஸ்டருக்கு, ஆறாவது டிவிஷனில், இரவல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவன். இன்று சாம்பியன்ஸ் லீக். மிட்யுலாண்டை 2-0. ஜோட்டா அடித்தது கிளப்பின் பத்தாயிரமாவது கோலாம். காலி ஆன்ஃபீல்டில், யாரும் இல்லாமல்.



 

அக்டோபர் 30, வெள்ளி

லண்டனில் வான் டைக்குக்கு ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக நடந்தது என்று கிளப் சொல்கிறது. தம்பியிடம் சொன்னேன். இவ்வளவு நாள் ஏன் காத்திருந்தார்கள் என்று அம்மா பக்கத்திலிருந்து கேட்டாள், அவன்தான் விளக்கினான். வீக்கம் வற்ற வேண்டும், காலை ஓரளவு மடக்கி நீட்ட வரவேண்டும், அதற்கு முன்னால் கத்தி வைத்தால் மூட்டு இறுகிப்போகும். புது ஜவ்வு என்று ஒன்றைக் கடையில் வாங்கி வைப்பதில்லை, அவரவர் தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து எலும்பில் துளை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அது பிடித்து வளர வேண்டும். தம்பிக்கு அது பிடித்து வளர்ந்தது. ஆனால் களத்துக்குத் திரும்பவில்லை. ஃபிசியோவுக்கு வாரம் மூன்று முறை திண்டுக்கல் பஸ் ஏற முடியவில்லை, கடையையும் பார்க்க வேண்டும்.

"அவுங்களுக்கு ஆள் போட்டுப் பாப்பாங்கண்ணே, வந்துருவாரு" என்றான். அதில் பொறாமை இல்லை. எனக்குத்தான் குறுகுறுவென்றிருந்தது.

அக்டோபர் 31, சனி

வெஸ்ட் ஹாம் 2-1. நாத் பிலிப்ஸ் என்று ஒரு ஆள், லீகில் முதல் ஆட்டம். வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினார். அழகாக ஒன்றும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆட்டத்துக்கு நடுவில் செய்தி: வியாழனிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

நவம்பர் 1, ஞாயிறு

எவர்ட்டன் கோலில் ஓல்சன்! பிக்ஃபோர்டு வெளியே. அவர்கள் மேனேஜர் ஆன்சலோட்டி ஓய்வு என்கிறார், அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவாராம். நியூகாசிலிடம் 2-1 தோல்வி.

பின்வாசலில் பெரியவர் சிகரெட்டோடு நின்றார். நான் மாடிப்படி ஜன்னலிலிருந்து. "உன் ஆசை நிறைவேறியதா?" என்றார். இல்லை என்றேன், உண்மை. பையன் பிக்ஃபோர்டு அந்த நாளிலிருந்து சரியில்லை, பந்தைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது, பார்த்தால் தெரிகிறது என்றார். அவனுக்கு 26 வயதுதான் என்றார். எனக்குப் பரிதாபம் வரவில்லை, வருகிற மாதிரியும் இருந்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அவர் வீட்டுக்கூடத்தில் ஒரு பழைய ஃபோட்டோ உண்டு. 1989 ஏப்ரல், ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் இறந்ததற்குப் பிறகு. ஸ்டான்லி பார்க் நெடுகச் சிவப்பும் நீலமுமாகக் கழுத்துத்துணிகளை முடிச்சுப்போட்டு, ஆன்ஃபீல்டிலிருந்து அன்றைய எவர்ட்டன் மைதானமான குடிசன் வரைக்கும் கட்டினார்கள். அவருடையதும் அதில் ஒன்று. போன வருடம் காட்டினார். இந்த அக்டோபரில் ஒரு தடவைகூட அதை எடுத்துப் பேசவில்லை, என்னை வாயடைக்க அது ஒன்று போதும் என்று தெரிந்திருந்தும். 1977-ஐத்தான் எடுக்கிறார்.

நவம்பர் 3, செவ்வாய்

அட்டலாண்டா 5-0!!! ஜோட்டா மூன்று. இன்றைக்கு ஒரு குறையும் எழுதப்போவதில்லை.

நவம்பர் 6, வெள்ளி

ஊரில் எல்லாருக்கும் கொரோனா பரிசோதனை ஆரம்பம். ராணுவத்து ஆட்கள் பச்சை உடுப்போடு நின்று வரிசையை ஒழுங்குசெய்கிறார்கள். நான் முன்னால், பெரியவர் இரண்டு மீட்டர் பின்னால், அந்தத் தூரத்தைத் தாண்டிக் கேட்கும்படி ஆஃப்சைடு விதியைக் கத்திக்கொண்டு போனோம். நடுவில் நின்ற ஒரு அம்மா, தான் ஆற்றுக்கு அக்கரை அணியான ட்ரான்மியர் என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

எனக்கு நெகட்டிவ். அவரும் நெகட்டிவ். இருமல் சிகரெட்டால்தான் என்று இப்போது சான்றிதழோடு சொல்கிறார்.

நவம்பர் 8, ஞாயிறு

மேன்செஸ்டர் சிட்டியோடு 1-1. எங்கள் ட்ரெண்டுக்குக் கெண்டைக்காலில் காயம். இது என்ன, கண்ணேறா? அம்மாவிடம் சொன்னால் பூசணிக்காய் உடைக்கச் சொல்வாள். ஆன்ஃபீல்டு வாசலில் உடைத்தால் ராணுவம் பிடித்துக்கொண்டு போகும்.

நவம்பர் 11, புதன்

கோமஸ்.

இங்கிலாந்து முகாம். பயிற்சி. பக்கத்தில் ஒருத்தரும் இல்லையாம். யாரும் இடிக்கவில்லை, யாரும் பாயவில்லை, தானாகவே விழுந்தாராம். முழங்கால்.

நவம்பர் 12, வியாழன்

கோமஸுக்கு ஆபரேஷன் ஆயிற்று, தசைநாண். சீசன் பெரும்பாலும் போச்சு. வான் டைக்குக்குப் பதிலாக இறங்கியவர், அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

காலையிலிருந்து யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை. நடுவர் கிடையாது, வி.ஏ.ஆர். கிடையாது, பிக்ஃபோர்டு அந்த மூலையில் இருந்தாரோ என்னவோ, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்து மேனேஜர் சௌத்கேட்டைத் திட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அட்டவணை போட்டவனைத் திட்டினேன், மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம், கோடையில் ஓய்வே இல்லை, அது கொஞ்சம் நியாயமாக இருந்தது, ஆனால் அவனுக்கு முகம் இல்லை.

பெரியவர் கீழிருந்து கதவைத் தட்டினார். படியில் ஒரு டப்பா ஸ்கௌஸ், இந்த ஊர்க் கறிக்குழம்பு, வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். மாட்டுக்கறி இல்லை, ஆட்டுக்கறிதான் என்றார், நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன் என்று எத்தனை முறை சொன்னாலும் இதேதான். அப்புறம், "அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ஒருமுறை முழங்கால் போயிருந்ததே" என்றார். 2015-இல், இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடும்போது. எவர்ட்டன்காரர், நினைவு வைத்திருக்கிறார்.

அடுத்தது லெஸ்டர். அவர்கள் முன்கள ஆள் வார்டி ஓடினால் யார் துரத்துவது? மாட்டிப், சரி. மாட்டிப்புக்குப் பக்கத்தில்? ஃபபின்யோ அதற்குள் சரியாகிவிட்டால் ஃபபின்யோ. இல்லையென்றால் பிலிப்ஸ், வார்டியின் வேகத்துக்கு அவர் திரும்புவதற்குள்…