உப்பில் நிற்கும் புனித கிங்கா

போலந்தில் கிராக்கோவ் பக்கத்து வியலிச்கா உப்புச் சுரங்கம். மரப்படி இறங்கி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. 101 மீட்டர் ஆழத்தில் ஒரு தேவாலயம். உப்புத் தொழிலாளர்களின் பாதுகாவலி புனித கிங்கா அங்கே நிற்கிறார். சிலை உப்பு, பீடம் உப்பு, தரை உப்பு, சரவிளக்கின் மணிகளும் உப்பு. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம்.

கிங்கா ஹங்கேரி இளவரசி. கல்யாணமாகிப் போகுமுன் அங்கே உப்புச் சுரங்கத்தில் மோதிரத்தைப் போட்டாராம். இங்கே தோண்டிய முதல் உப்புக் கட்டிக்குள் அதே மோதிரம்! கதைதான், சரி. ஆனால் 1896-இல் இந்த ஆலயத்தைக் குடைய ஆரம்பித்த யூசெஃப் மார்கோவ்ஸ்கி நிஜமான ஒரு சுரங்கத் தொழிலாளி. சிற்பக் கல்லூரி எதுவும் படித்தவர் இல்லை. இத்தனைக்கும், கிங்காவுக்குப் புனிதர் பட்டமே 1999-இல்தான் கிடைத்தது.

எனக்கு இதைவிட மனதில் ஒட்டிக்கொண்டது மேல் தளத்து அந்தோனியார் சிற்றாலயம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. மேலிருந்து வரும் ஈரக் காற்றில் சிலைகள் கரைந்துபோயிருக்கின்றன. மூக்கு இல்லை, விரல் இல்லை, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழவழவென்று.

வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பேதான்.