பிராந்திக் கடைப் பக்கமே திரும்பும் மாமாவின் கார்

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வள்ளலார் வழியில் நடப்பவர். வெள்ளை வேட்டி, சைவச் சாப்பாடு, தைப்பூசம் வந்தால் வடலூர். அப்படிப்பட்டவருடைய கார், பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

வேறு ஊராக இருந்தால் இது வெறும் ரிப்பேர். கடலூரில் கதை வேறு. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், டேங்க் காலியானால் எங்கள் ஊர் வண்டிகளுக்கு வடக்கே போகத்தான் தோன்றும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடை, கன்னியக்கோயில் என்று எல்லைக்குள் நுழைந்தால் பிராந்திக் கடைகள். அங்கேதான் கூட்டம். அங்கேதான் குறுக்கே நடப்பவர்கள் அதிகம். ஆகவே பிரேக்கும் அங்கேதான் அதிகம்.

மாமா மிதிப்பார். கார் பணிவோடு இடது பக்கம் திரும்பி ஒரு கடை வாசலில் மூக்கை நீட்டும். கடைப் பையன் ஓடி வந்து, "கூலிங்கா எடுத்தாரவா சார்?" என்பான். பின் சீட்டிலிருந்து அக்கா, "நிறுத்துறதுக்கு வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்பாள். மாமா பதிலே சொல்லமாட்டார். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, முருகனை நினைத்துக்கொண்டு கிளம்புவார்.

திரும்பி வரும்போது சோதனைச்சாவடி. பேரிகார்டைப் பார்த்து பிரேக் மிதிக்க, கார் நேராகப் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குறிவைத்தது. அவர் எழுந்து வந்து வேட்டியைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார், தயங்கிக்கொண்டே மெஷினை நீட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, ஒரு தடவ ஊதிடுங்க." மாமா ஊதினார். பூஜ்யம். "அப்ப வண்டியைத்தான் ஊதச் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முதலில் காற்று. அது நியாயமான ஆரம்பம்தான். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவில் இல்லாவிட்டால் வண்டி இழுக்கும், பார்ப்பதற்குச் செலவும் இல்லை. சரிபார்த்தாகிவிட்டது. இழுப்பு போகவில்லை.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், "ரோடே அப்படித்தான் சார்" என்றார். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் கையை எடுத்தால் வண்டி மெதுவாக இடது ஓரத்துக்குத்தான் இறங்கும். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அது பிரேக் மிதிக்காதபோதும் நடக்க வேண்டும். மாமாவின் கார் பிரேக்கைத் தொடாதவரை நூல் பிடித்தாற்போல நேராகப் போகும்.

அடுத்து வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்ற சோதனை. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சை. பச்சைக் காகிதத்தோடு வெளியே வந்த கார், கடையின் கேட்டில் பிரேக் போட்டதுமே இடது தூணை முகர்ந்து பார்த்தது. அலைன்மென்ட் கோளாறு ஓடும்போதே தெரியும், டயரின் ஓரம் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். மாமா காரில் இதில் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கோ சந்தேகமே இல்லை: திருஷ்டி. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தானே கண் பட்டிருக்கும்? வலது சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்தான். இடதுக்குக் கூடுதல் கவனிப்பு.

வேடிக்கை என்னவென்றால், எலுமிச்சம்பழம் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் இடது சக்கரத்தையே குடைந்துகொண்டிருந்தார்கள். செம்மண்டலத்தில் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மட்டும் காரைத் தொடாமல் ஒரே கேள்வி கேட்டார். "கால எடுத்தா இழுக்கிறது நிக்குதா, இல்ல அப்புறமும் இழுக்குதா?"

"நிக்குதுங்க" என்றார் மாமா.

"அப்ப இடது நல்லாத்தான் வேல செய்யுது. வலது தூங்குது."

கணக்கு இதுதான். பிரேக் வலுவாகப் பிடிக்கும் பக்கம் முதலில் வேகம் குறையும். வண்டி அந்தப் பக்கமே திரும்பும். காலை எடுத்த பிறகும் இழுத்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கலாம். மிதித்தால் மட்டும் இழுத்தால் எதிர்ப்பக்கத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரியவரே காரைத் தேவனாம்பட்டினம் சாலைக்கு ஓட்டிப்போய், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நாலைந்து முறை அழுத்தி பிரேக் போட்டு நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல இடது டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில் தெளித்தார். சொய்ங். வலதில் தெளித்தார். சத்தமே இல்லை. (இரண்டு சொட்டுதான். பாட்டிலைக் கவிழ்த்தால் சூடான டிஸ்க் கோணிக்கொள்ளலாம். கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரியும்.)

ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. டிஸ்க்கின் இரண்டு பக்கமும் உரசி நிறுத்தும் கட்டைகள்தான் பேட், அவற்றைப் பிடித்திருக்கும் கிடுக்கிதான் காலிப்பர். இந்த மாதிரி கார்களில் காலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன். அது உள்பேடைத் தள்ளும்போது, காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிபேடையும் இழுத்து அழுத்த வேண்டும். பின் நகரவே இல்லை. உள்பேட் தேய்ந்து தகடாகிவிட்டது, வெளிபேட் கடையில் வாங்கிய கோலத்தில் இருந்தது.

பெரியவர் பின்னைத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. முன்பு சர்வீஸ் செய்த யாரோ சாதாரண கிரீஸை அப்பியிருக்கிறார்கள். பெட்ரோலியம் கிரீஸ் பட்டால், பின்னை மூடியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறை ஊதிவிடும். ஊதிய பூட் வாயைத் திறந்துகொள்ள, மழைத்தண்ணீரும் கடல் காற்றும் உள்ளே போய்த் துரு பிடித்துவிட்டது. "பிரேக்குக்குன்னு சிலிகான் கிரீஸ் தனியா இருக்கு சார், கொஞ்சூண்டு டியூப்" என்று அலுத்துக்கொண்டார்.

புது பின், புது பூட், பேட் மட்டும் இரண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும் என்றார். கறுத்துப்போன பிரேக் ஆயிலை மாற்றி, குழாயில் புகுந்த காற்றையும் வெளியே எடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது, "புது பேட் செட்டாகணும், கொஞ்ச நாளைக்கு அழுத்தி பிரேக் போடாதீங்க" என்றும் சொன்னார்.

மாமா அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டார். பிரேக்கே தேவைப்படாத வேகத்தில் நடுரோட்டில் போகிறார். பாண்டி பஸ் ஒன்று பின்னாலேயே ஹாரன் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் ஒட்டி வந்தபோது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சார், வண்டி ரிப்பேரா?" என்றார்.

"ரிப்பேர் இல்ல தம்பி, சரியாயிடுச்சு" என்றார் மாமா.