சில்லா, இரப்பர்ப் பட்டையா?

ஒன்ராறியோவின் பரி நகருக்கு நாங்கள் குடிவந்தபோது, ஸ்காபரோவில் கழித்த குளிர்காலங்களை வைத்து இந்த ஊரின் பனியை எடை போட்டது என் முதல் தவறு. குளிர்காலத் தொடக்கத்தில் ஜோர்ஜியன் குடாவின் நீர் உறையாமல் கிடக்க, அதன்மேல் வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கும் அதே காலையில் எங்கள் வாசலில் முழங்காலளவு பனி கிடப்பது இங்கே புதினமல்ல.

எங்கள் டிரைவ்வே ஏறத்தாழ 20 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்டது. வீடு மேலேயும் வீதி கீழேயுமாகச் சரிந்து கிடப்பது. அதன்மேல் 30 சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்தால், பனியின் அடர்த்தியை நீரின் பத்திலொரு பங்கென்று வைத்துக் கணக்கிட்டால்கூட, மூன்று தொன் எடையை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். சவளால் ஆகிற வேலையல்ல என்பது முதல் வாரத்திலேயே முதுகுக்குத் தெரிந்துவிட்டதால், சில்லுப் பூட்டிய பழைய ஸ்னோ புளோவர் (பனியை வாரி எறியும் இயந்திரம்) ஒன்றை வாங்கி மூன்று குளிர்காலம் ஓட்டினேன். தட்டையான இடத்தில் அது குறை சொல்ல முடியாத இயந்திரம். தொல்லை இரண்டு இடங்களில் வந்தது. கீழிருந்து மேலே ஏறும்போது சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. நகரசபையின் பனி தள்ளும் லொறி போகிற போக்கில் வாசலின் குறுக்கே எழுப்பிவிட்டுப் போகும் மதிலில் மோதினால், இயந்திரம் அதைத் தின்பதற்குப் பதிலாக முகத்தைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றது. சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டியதில் முதற்குறை பாதி தீர்ந்தது. இரண்டாவது குறை அப்படியே இருந்தது.

அது ஏன் தீரவில்லை என்பதை விளங்கிக்கொண்ட பிறகுதான் எதை வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவு பிறந்தது. சில்லு இயந்திரம் நிலத்தை இரண்டே புள்ளிகளில் தொடுகிறது. அந்த அச்சு ஒரு தராசின் நடுத்தண்டு போல வேலை செய்கிறது. முன்வாயில் சுழலும் இரும்புச் சுருள் இறுகிய பனியில் முட்டியதும் முன்பக்கம் மேலெழ, கைப்பிடி கீழே தாழ்ந்துவிடும். சில்லுக்குப் பதிலாக, புல்டோசரில் இருப்பதுபோலப் பூட்டப்படும் இரப்பர்ப் பட்டையோ இரு பக்கமும் நீளமாக நிலத்தில் படிந்திருப்பதால் அங்கே தராசு ஆடுவதற்கு இடமில்லை. நெம்புகோலால் முன்வாயின் உயரத்தை ஒரு நிலையில் பூட்டிவிட்டால், எதிரில் இருப்பது உப்பும் சேறும் கலந்து கல்லான பனியென்றாலும் வாய் மேலெழாமல் கடித்துக்கொண்டே போகும். பட்டை இயந்திரம் அதிக வலுவுள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். சில்லு இயந்திரத்தில் இருக்கும் அதே என்ஜின்தான் பெரும்பாலும் இதிலும் இருக்கிறது. வேறுபாடு பிடிமானத்தில் மட்டுமே.

மார்க்கம் நகரில் இருக்கும் மச்சான், நான் வாங்கி இறக்கியதைப் பார்த்துவிட்டு, "உது பனி அள்ளவோ, இல்லாட்டி வயல் உழவோ?" என்று கேட்டார். அவருடைய டிரைவ்வே இரண்டு கார் நிற்கும் தட்டையான தார்த்தளம். அவருக்குச் சிறிய இயந்திரமே மிகை. சரிவில்லாத, நீளமில்லாத வாசல் உள்ளவர்கள் பட்டைக்காகப் பல நூறு டொலர் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பதே என் எண்ணம். பட்டை இயந்திரம் கனமானது, மெதுவானது, திருப்புவதற்குக் கடினமானது. என்ஜின் நின்றுவிட்டால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தை நான்கடி தள்ளுவதற்கே இரண்டு பேர் வேண்டும்.

நான் எடுத்தது ஹொண்டாவின் எச்எஸ்எஸ் 928 வரிசையில் பட்டை பூட்டியது. அதில் 270 சிசி என்ஜின். முன்வாய் 28 அங்குல அகலம். 32 அங்குலத்தில் இன்னும் பெரியதும் இருந்தது. ஆனால் கராஜுக்குள் இரண்டு காருக்கும் சுவருக்கும் இடையே எஞ்சியிருந்த இடத்தை நூல் பிடித்து அளந்து பார்த்த பிறகு அந்த ஆசையை விட்டேன். ஏரியன்ஸ் நிறுவனத்தின் ரப்பிட்ராக் இயந்திரத்தையும் கடையில் ஓட்டிப் பார்த்தேன். அதில் பட்டையின் நிலையை மாற்றிச் சில்லு போலச் சுலபமாகத் திருப்பவும், வேண்டும்போது முழுப் பட்டையையும் நிலத்தில் படியவிடவும் முடியும்; பாதி தட்டையும் பாதி சரிவுமான வாசலுக்கு அது நல்ல தெரிவு. ஹொண்டாவில் என்னைக் கவர்ந்தது அதன் ஹைட்ரோஸ்டற்றிக் கியர். கியர்களை ஒவ்வொன்றாக மாற்றாமல், வேகத்தை ஊர்வதிலிருந்து நடையளவு வரை நூலிழையாகக் கூட்டவும் குறைக்கவும் அதில் முடிகிறது.

திருப்புவதற்குக் கைப்பிடிகளின் கீழே இரண்டு விசைகள் இருக்கின்றன. இடதை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். ஊரில் லாண்ட் மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கம். சிறுவயதில் அப்பாவின் லாண்ட் மாஸ்டரை வரம்போடு திருப்பிய நினைவில், முதல் நாளே கைகள் தாமாக அந்த இடத்தைத் தேடிப் போயின. ஆனால் தோள்வலுவால் இழுத்துத் திருப்புகிற பழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. பட்டை அதற்கு இணங்காது. இழுப்பவரின் இடுப்புத்தான் பிடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, விசையை அழுத்தி, இயந்திரம் தானே திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறையில் நான் பட்டறிந்தது, என்ஜினை முழு வேகத்திலும் நடையைக் குறைந்த வேகத்திலும் வைக்க வேண்டும் என்பது. சுருள் வாரிக் கொடுக்கும் பனியைப் பின்னாலுள்ள விசிறிதான் மேற்குழாய் வழியாக எறிகிறது. என்ஜினைத் தணித்து ஓட்டினால் விசிறி தளர்ந்து, பனி குழாயிலேயே தங்கி அடைத்துவிடும். சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டுமேயன்றிக் குறுக்காக ஓட்டக்கூடாது. அடியில் பனிக்கட்டி இருந்தால் பட்டைகூடப் பக்கவாட்டில் வழுகும். காற்றுக்கு எதிரே எறிந்தால் எறிந்த பனி முழுவதும் முகத்திற்கே திரும்பி வரும். வீதிக்கு எறிந்தாலோ சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதியின்றி வீதியில் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. வாசலில் லொறி எழுப்பிய மதிலை ஒரே மூச்சில் அறுக்க முயலாமல், முன்வாயின் அரையகலத்தை மட்டும் கொடுத்துச் சீவிச் சீவி எடுப்பதே நல்லது.

முதற்குளிர்காலத்தில் ஒரு காலை, கராஜின் சீமெந்துத் தளமும் தார்ப்பாதையும் சேரும் விளிம்பில் இயந்திரம் சட்டென்று நின்றது. கைப்பிடி என் விலாவில் இடித்தது. கீழே நிலம் உறைந்து பருத்துத் தார்த்தளத்தை ஓர் அங்குலம் தூக்கிவிட்டிருந்தது; மிகத் தாழ்வாகப் பூட்டியிருந்த முன்வாய் அந்த விளிம்பில் சிக்கியிருந்தது. சில்லு இயந்திரமென்றால் கைப்பிடியைச் சற்று அமர்த்தியதும் முகம் எழுந்து தாண்டியிருக்கும். எந்தப் பூட்டு லொறியின் மதிலில் எனக்குத் துணை நின்றதோ, அதே பூட்டு இங்கே எதிரியானது. இப்போது அந்த விளிம்பை நெருங்கும்போது ஒரு படி உயர்த்துகிறேன். சரளைக்கல் பரவிய ஓரத்திலும் அப்படியே. ஒரு தடவை சரளையை உள்ளே விட்டு, சுருளைக் காப்பதற்கென்றே முறியும்படி செய்யப்பட்ட ஷியர் போல்ட் இரண்டையும் முறித்துக்கொண்டேன். இரும்புக்கடையில் அளவொத்துக் கிடைக்கும் உறுதியான போல்டை அந்த இடத்தில் பூட்டினால், அடுத்த முறை முறிவது கியர்ப்பெட்டியாக இருக்கும். உரிய போல்ட் நான்கு எப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கின்றன.

குழாய் அடைத்துக்கொள்ளும் விடயத்தில் மட்டும் நான் வீட்டில் எல்லோரிடமும் கடுமையாகப் பேசுவதுண்டு. வெப்பநிலை பூச்சியத்தை அண்டிய நாள்களில் பனி கஞ்சி போலாகிக் குழாயில் அப்பிக்கொள்ளும். கையுறை போட்ட விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதுமென்று தோன்றும். என்ஜினை நிறுத்திய பின்னும் விசிறியைச் சுழற்றும் பட்டியில் இறுக்கம் மிஞ்சியிருக்கக்கூடும். அடைப்பு விலகிய கணத்தில் விசிறி அரைச்சுற்றுச் சுற்றினாலே விரல்கள் போய்விடும். என்ஜினை அணைத்து, எல்லாம் ஓயும்வரை நின்று, இயந்திரத்தோடு தரப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தடியால் மட்டுமே கிளற வேண்டும். குழாயின் உட்புறத்தில் முன்கூட்டியே சிலிக்கன் தெளித்துவிட்டால் பாதி அடைப்பு வராமலே போகும்.

வேலை முடிந்ததும் உடனே கராஜுக்குள் ஏற்றிவிடுவதும் பிழை. பட்டையின் உட்பக்கத்தில் திணிந்திருக்கும் பனி உருகி, இரவில் மீண்டும் உறைந்து, இயந்திரத்தைச் சீமெந்தோடு ஒட்டிவிடும். எனக்கு அப்படி ஒட்டியது மறை 22 பாகையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில். இளஞ்சூட்டு நீரை ஊற்றி, பலகைத் துண்டால் பக்குவமாக நெம்பி எடுக்க முக்கால் மணி நேரமானது. அவசரப்பட்டு என்ஜின் வலுவால் பிடுங்கியிருந்தால் கியருக்குக் கேடு வந்திருக்கும். இப்போது வெளியிலேயே சில மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டிப் பனியை உதிர்த்துவிட்டு, இரண்டு பலகைகளின்மேல் ஏற்றி நிறுத்துகிறேன். கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதில்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, கதவு திறந்திருந்தாலும் அது உள்ளே தேங்கும்.

எதனோல் கலந்த பெற்றோல் கோடை முழுவதும் கிடந்தால் கார்புரேற்றரில் பசையாகப் படியும் என்பதால், குளிர்காலம் முடிந்ததும் அதை வடித்துவிட வேண்டும். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த பின்னரே நான் வடிப்பது வழக்கம். முதல் வருடம் பங்குனிக் கடைசியில், முற்றத்தில் புல் தலைகாட்டிய மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் வடித்துத் துடைத்து உறை போட்டு மூடினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் சவளும் கையுமாக அந்த மதிலுக்கு முன்னால் நின்றேன்.