எட்டாவது நகர்த்தலில் மேட்: எங்லுண்ட் பொறியோடு மூன்று வாரம்

செஸ்ஸில் நான் கறுப்பு, வெள்ளைக் காய் எதிராளி முதல் நகர்த்தலிலேயே டி4க்குச் (எழுத்து நெடுக்கு நிரல், எண் குறுக்கு வரிசை) சிப்பாயைத் தள்ளினாலே எனக்கு மனசு விழுந்துவிடும். அரை மணித்தியாலம் சிப்பாய்களை உரசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் தோற்பேன். ஒபிஸில் கூட வேலை செய்யும் மச்சான் ஒருவன்தான், "நீ இ5 போடு, மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்" என்றான். முதல் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுப்பதா என்று யோசித்தேன். சரி, எப்படியும் தோற்கிற ஆட்டம்தானே.

இதற்குப் பெயர் எங்லுண்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் காயைப் பலி கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. ஃபிரிட்ஸ் எங்லுண்ட் என்ற சுவீடன்காரர் 1932இல் இந்தத் தொடக்கத்துக்கென்றே ஒரு போட்டி நடத்தக் காசு போட்டாராம்.

பொறி இப்படிப் போகும். வெள்ளை இ5 சிப்பாயை வெட்டியதும் நான் குதிரையை சி6இல் வைக்கிறேன், அவர் குதிரையை எஃப்3இல் வைத்துச் சிப்பாயைக் காக்கிறார், நான் ராணியை இ7இல் வைக்க அவர் பிஷப்பை எஃப்4க்குக் கொண்டுவருகிறார். உடனே என் ராணி பி4இல் செக், ராஜாவுக்கே மிரட்டல்! அதே இடத்திலிருந்து எஃப்4 பிஷப்பையும் பி2 சிப்பாயையும் குறிபார்க்கிறது. பிஷப் டி2க்கு ஓடிவந்து செக்கை மறைக்கும், ராணி பி2 சிப்பாயைத் தின்னும். ஏ1 ரூக் போகப்போகிறதே என்ற பதற்றத்தில் வெள்ளைக்காரர் (காய்தான், ஆள் அல்ல) பிஷப்பை சி3இல் வைத்து ராணியை விரட்டப் பார்ப்பார். அங்கேதான் கதை முடிகிறது. என் பிஷப் பி4க்கு வரும், அவருடைய பிஷப் விலகினால் ராஜாவுக்கு செக் என்பதால் கட்டுண்டு நிற்கும், அவர் ராணியை டி2இல் வைப்பார், நான் சி3இல் வெட்ட அவர் ராணியால் வெட்டுவார், என் ராணி சி1இல் போய் உட்காரும். மேட், ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை.

முதல் வாரம் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரயிலில்தான் விளையாடினேன், லிச்செஸ் என்ற இணையத் தளத்தில், மூன்று நிமிட ஆட்டங்கள். பம்பலப்பிட்டி வருமுன் ஒரு மேட் விழுந்தது, என்னையறியாமல் "ஆ" என்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற அங்கிள் எட்டிப்பார்த்து, "தம்பி, அந்த ராணியால உங்கட ராணியை வெட்டேலாதோ?" என்று கேட்டார்.

"சி2 சிப்பாய் மறிக்குது அங்கிள். ரூக்கை பி1 குதிரை மறிக்குது."

"தன்ர ஆக்களே மறிக்கினமோ!" என்று சிரித்தவர், கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை என் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரம் ஒன்பது மேட். தலைகால் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் என் ரேட்டிங் (தளம் போடும் திறமைப் புள்ளி) கொஞ்சம் ஏறியது, எதிராளிகளும் மாறினார்கள். அவர்கள் பிஷப்பைத் தொடுவதில்லை, பி1 குதிரையை சி3க்கு எடுக்கிறார்கள். நான் பழக்கதோஷத்தில் பிஷப்பை பி4இல் வைத்தால் ரூக் பி1க்கு வந்து ராணியைத் துரத்தும், ராணி ஏ3க்கு ஓடும், அப்புறம் அந்தக் குதிரை டி5இல் குதித்து பி4 பிஷப்பையும் சி7 சிப்பாயையும் ஒரேயடியாக மிரட்டும். அதைச் சமாளிக்க ராஜாவை டி8க்கு நடத்தவேண்டி வந்தது. தொடர்ந்து ஆறு தோல்வி. இதை முறையாகத் தடுக்கத் தெரிந்தவர் முன்னால் இந்தத் தொடக்கமே பிழை, என் விளையாட்டு மட்டுமல்ல என்று கணினி ஆய்வைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மூன்று நிமிட ஆட்டத்தில் ஓடும், நிதானமாக யோசிக்க நேரம் கொடுத்தால் ஓடாது.

மூன்றாம் வாரம், ஞாயிறு பின்னேரம், கொட்டாஞ்சேனையில் அக்கா வீடு. பன்னிரண்டு வயது மருமகனோடு பலகையில் உட்கார்ந்தேன். நான் ராணியை பி2இல் வைத்ததும் அவன் பிஸ்கட்டைக் கடித்தபடியே குதிரையை சி3இல் வைத்தான்.

"இது யூடியூப்ல எல்லாரும் பாத்திட்டாங்க மாமா."

தோற்றேன். பிறகு அவனே, டி4க்கு எதிரான இன்னொரு தொடக்கமான புடாபெஸ்ட் கேம்பிட்டில் வேறொரு பொறியைக் காட்டினான். என் பி4 பிஷப்பை வெள்ளை வெட்டட்டும் என்று விட்டுவிட்டு இ5 சிப்பாயைக் குதிரையால் எடுப்பது. ஆசைப்பட்டு ஏ3 சிப்பாயால் வெட்டினால் அந்தக் குதிரை டி3இல் மேட், ஏனென்றால் இ2 சிப்பாய் என் ராணிக்கு நேரே மாட்டிக்கொண்டு அசையமுடியாது. நேற்றுவரை நாலு ஆட்டம் போட்டாயிற்று, இன்னும் ஒருவரும் வெட்டவில்லை.